சுஃப்ரென் தேடிய துறைமுகம்

1782 செப்டம்பர் 3. திருகோணமலைக்குத் தென்கிழக்கே கடலில், 'ஏரோ' என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலின் நடுப் பாய்மரம் குண்டடி பட்டு முறிந்து சாய்கிறது. அதன் உச்சியில் பறந்த தளபதியின் கொடியும் கூடவே போகிறது. கடற்போரில் கொடி இறங்கினால் சரணடைந்துவிட்டதாக அர்த்தம். மேல்தளத்தில் நின்ற பருத்த மனிதர் ஒருவர், கப்பலில் இருக்கிற வெள்ளைக் கொடிகளையெல்லாம் எடுத்து வந்து சுற்றிலும் கட்டச் சொல்லிக் கத்துகிறார். அன்றைய பிரெஞ்சுக் கடற்படையின் கொடியே வெள்ளைதான். அதனால் இதைச் சமாதானக் கொடி என்று நினைத்துவிடக் கூடாது. இன்னும் சண்டை போடுகிறோம் என்று எதிரிக்குச் சொல்வதற்காகக் கட்டிய கொடிகள் அவை.

அந்த மனிதர் பியேர் ஆந்த்ரே டி சுஃப்ரென். சோழமண்டலக் கரையிலும் இலங்கையின் கிழக்குக் கரையிலும் ஏறக்குறைய பதினாறு மாதங்களில் ஆங்கிலேயர்களோடு ஐந்து கடற்போர்கள் நடத்தியவர். புதுச்சேரியில் சுஃப்ரென் தெருவைக் கடந்து போகிறவர்கள் பெயரை மட்டுமாவது பார்த்திருப்பார்கள்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் கொடி கட்டிய அந்தக் காட்சியோடு நின்றுவிடுவார்கள். நான் கொஞ்சம் நகர்ந்து மறுநாள் காலைக்குப் போகிறேன். சண்டை ஓய்ந்துவிட்டது. பாய்மரம் போய்விட்டது. புதுப் பாய்மரத்துக்கு எங்கே போவது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் 'கடற்படைத் தளம்' என்றால் என்ன, அதற்காக நாடுகள் ஏன் அப்படி அடித்துக்கொண்டன என்பது தானாகப் புரிந்துவிடும். சுஃப்ரெனின் வாழ்க்கையும் புரியும்.

முதலில் பாய்மரத்தையே எடுத்துக்கொள்வோம். நம் மீனவர்கள் கட்டுமரத்தில் நடுகிற கழியை நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடாது. 74 பீரங்கிகள் கொண்ட ஒரு கப்பலின் நடுப் பாய்மரத்தில், அடித்துண்டு மட்டுமே முப்பது மீட்டருக்கு மேல் நீளம். அதன் குறுக்களவு ஏறக்குறைய ஒரு மீட்டர். ஒரே மரத்தில் இது கிடைக்காது. நேராக வளர்ந்த பல பைன் மரங்களை இழைத்து ஒன்றோடொன்று பொருத்தி, இரும்பு வளையம் போட்டு இறுக்கிச் செய்வார்கள். அந்த மரம் பெரும்பாலும் பால்டிக் கடலோரக் காடுகளிலிருந்து வரும். கடலூர்ப் பக்கம் பனை உண்டு, புன்னை உண்டு. இந்த வேலைக்கு அவை ஆகாது.

பாய்மரம் ஒன்றுதான் பிரச்சினை என்றில்லை. அப்படிப்பட்ட கப்பலில் எழுநூறு பேர் வரை இருப்பார்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்று வைத்தால்கூட ஒரு கப்பலுக்குத் தினமும் இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் வேண்டும். சுற்றிலும் கடல், ஆனால் குடிக்க முடியாது. விறகு வேண்டும். ரொட்டி, உப்பிட்ட இறைச்சி வேண்டும். காய்கறியும் பழமும் இல்லாமல் இரண்டு மூன்று மாதம் போனால் ஸ்கர்வி வந்துவிடும். ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், ஆறிப்போன பழைய காயம்கூடத் திரும்பத் திறந்துகொள்ளும். அப்புறம் கயிறு, பாய்த்துணி, வெடிமருந்து, இரும்புக் குண்டு. கப்பலின் அடிப்பாகத்தில் கொட்டலசும் பாசியும் ஏறிவிட்டால் வேகம் குறையும், புழு துளைத்தால் ஒழுகும். அதைச் சுரண்டிச் சீர்செய்யக் கப்பலை ஒருக்களித்துச் சாய்க்க வேண்டும். அலை அடிக்கிற இடத்தில் அந்த வேலை நடக்காது, குளம்போல் அமைதியான நீர் வேண்டும்.

இவையெல்லாம் ஒரே இடத்தில், பாதுகாப்பாக, எந்தப் பருவத்திலும் கிடைத்தால் அதுதான் தளம். காயம்பட்டவர்களுக்கு ஒரு மருத்துவமனையும், வாசலைக் காக்க ஒரு கோட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கப்பல் கடலில் எத்தனை நாள் சண்டை போட முடியும் என்பதை அதன் பீரங்கிகளைவிட இந்த இடம்தான் அதிகம் தீர்மானிக்கும்.

இப்போது நம் கரைக்கு வருவோம். சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் என்று சொல்லிக்கொள்ள அன்று ஒன்றுமே கிடையாது. சென்னைக்கே துறைமுகம் கட்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். நீண்ட மணல் கரை, வாயில் மணல் மேடு அடைத்த ஆறுகள், ஓயாமல் உடைகிற அலை. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளித் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே போய்வந்தது மசுலாப் படகு. அந்தப் படகைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். அதில் ஆணியே இருக்காது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் ஒன்றோடொன்று தைத்திருப்பார்கள். அலை வந்து மோதும்போது படகு வளைந்து கொடுக்கும், கரையில் அறைந்தாலும் பிளக்காது. ஐரோப்பியர்களின் உறுதியான படகுகள் சிதறிப்போன அதே அலையில் நம்மவர்களின் தைத்த படகு ஓடியது. ஒவ்வொரு தண்ணீர்ப் பீப்பாயும், ஒவ்வொரு அரிசி மூட்டையும், ஒவ்வொரு காயம்பட்ட சிப்பாயும் அந்தப் படகில்தான் அலையைத் தாண்ட வேண்டும். ஒரு பெரும்படைக்கு இப்படித் தண்ணீர் ஏற்ற எத்தனை நாள் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதற்கு மேல் ஐப்பசி. வாடைக்காற்று திரும்பிவிட்டால் இந்தக் கரையோரம் பெரிய கப்பல் நிற்க முடியாது. காற்று கரையை நோக்கித் தள்ளும், நங்கூரம் அறுந்தால் கப்பல் மணலில் ஏறிவிடும். அதனால் அக்டோபர் நடுவுக்குள் போர்க்கப்பல்கள் இடத்தைக் காலி செய்துவிடும். ஆங்கிலேயர்கள் மும்பைக்குப் போவார்கள், அங்கே கப்பல் பழுதுபார்க்கும் துறைகள் இருந்தன. பிரெஞ்சுக்காரர்கள் 'பிரான்ஸ் தீவு' என்று அழைத்த இன்றைய மொரிஷியசுக்குப் போவார்கள். அது நாலாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். புதுச்சேரியையும் 1778இலேயே ஆங்கிலேயர்கள் பிடித்துவிட்டிருந்தார்கள்.

தளம் இல்லாத படை என்ன செய்யும் என்பதற்கு சுஃப்ரென் வருவதற்கு முன்பே ஒரு சம்பவம் நடந்தது. 1780 ஜூலையில் மைசூரின் ஹைதர் அலி கர்நாடகத்துக்குள் இறங்கினார். அன்று அந்தப் பெயர் ஆற்காட்டு நவாபின் தமிழ்ப் பகுதியைக் குறித்தது, இன்றைய கர்நாடக மாநிலத்தை அல்ல. அவரை எதிர்த்துக் கிளம்பிய ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் 1781 தொடக்கத்தில் கடலூரில் மாட்டிக்கொண்டார். நிலப்பக்கம் ஹைதர், கடற்பக்கம் திடீரென்று வந்து நின்ற பிரெஞ்சுக் கப்பல்கள். அயர் கூட்டின் படைக்குச் சாப்பாடு கடல் வழியாகத்தான் வர வேண்டும். பிரெஞ்சுத் தளபதி தோர்வ் இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே நின்றிருந்தால் அந்தப் படை பட்டினியில் விழுந்திருக்கும். ஹைதர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். தோர்வ் நிற்கவில்லை. பொருள் தீர்ந்துபோகும், திரும்ப வேண்டும் என்று பிப்ரவரி நடுவில் பிரான்ஸ் தீவுக்குக் கிளம்பிவிட்டார். தென்னிந்திய வரலாறு அந்த வாரத்தில் வேறு பக்கம் திரும்பியிருக்கலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

சரி, சுஃப்ரென் யார்?

1729இல் தெற்கு பிரான்ஸின் புரோவான்ஸ் பகுதியில், செங்-கனா என்ற ஊரில் ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். மூன்றாவது மகன். சொத்து மூத்தவனுக்குப் போகிற வழக்கத்தில், இளையவர்களுக்குத் தேவாலயமோ படையோதான் கதி. 1743இல் கடற்படையில் சேர்ந்தார். கத்தோலிக்கப் போர்வீரர் அமைப்பான மால்டா சபையிலும் சேர்ந்து, வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையர்களுக்கு எதிராகத் துடுப்புக் கப்பல்களில் ஓடியிருக்கிறார். பிற்காலத்தில் அவருக்கு ஒட்டிக்கொண்ட 'பாயி' என்ற பட்டம் அந்தச் சபையின் உயர் பதவி.

இளமையில் அவர் பார்த்தவை பெரும்பாலும் தோல்விகள். 1747இல் ஆங்கிலேயரிடம் கைதியானார். 1759இல் மறுபடியும் கைதி. இரண்டாவது முறை நடந்ததை அவர் மறக்கவேயில்லை என்று நினைக்கிறேன். அவர் இருந்த கப்பல் துரத்தப்பட்டு, போர்த்துகலின் லாகோஸ் அருகே கரையேறியது. போர்த்துகல் நடுநிலை நாடு, அதன் கரையோரத்தில் சண்டை கூடாது என்பது விதி. ஆங்கிலேயர்கள் விதியைப் பொருட்படுத்தாமல் வந்து அடித்தார்கள்.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துப் பதிலுக்குப் பதில் நடந்தது. 1781 மார்ச்சில் ஐந்து போர்க்கப்பல்களோடு பிரெஸ்ட் துறையிலிருந்து புறப்பட்டார். ஆப்பிரிக்காவின் தென்முனையில் டச்சுக்காரர்களிடம் இருந்த கேப் குடியேற்றத்தை ஆங்கிலேயர் பிடித்துவிடாமல் தடுப்பது முதல் வேலை. வழியில் ஒரு கப்பலில் தண்ணீர் குறைந்தது. அதனால் ஏப்ரல் 16 அன்று கேப் வெர்தே தீவுகளில் போர்த்துகீசியரிடம் இருந்த பிரயா துறைக்குப் போனார்கள். அங்கே பார்த்தால், கேப்பைப் பிடிக்கப் புறப்பட்ட அதே ஆங்கிலேயப் படை நங்கூரம் போட்டு நிற்கிறது. அவர்களும் தண்ணீர் பிடிக்கத்தான் வந்திருந்தார்கள். நடுநிலைத் துறைமுகம் என்று சுஃப்ரென் தயங்கவில்லை, நேராக உள்ளே புகுந்து சுட்டார். அவருடைய மற்றக் கேப்டன்கள் தயாராக இல்லாததால் இரண்டு கப்பல்கள்தான் ஒழுங்காகச் சண்டை போட்டன. அதில் 'அன்னிபால்' பாய்மரங்களை இழந்து கட்டியிழுத்துக்கொண்டு வரும் நிலைக்கு ஆனது. சண்டையாகப் பார்த்தால் அரைகுறைதான். ஆனால் ஆங்கிலேயர்கள் அங்கே தாமதப்பட, சுஃப்ரென் ஜூன் 21 அன்று கேப்பை முதலில் எட்டிவிட்டார். வழித்தங்கல் துறை தப்பியது. அது போயிருந்தால் இந்தியப் பக்கம் வருவதே பெரும்பாடாகியிருக்கும்.

இங்கே கடற்போர் பற்றி ஒரு அடிப்படை விஷயம். பாய்மரக் காலத்துப் போர்க்கப்பலின் பீரங்கிகளில் பெரும்பாலானவை முன்னும் பின்னும் இருக்காது, இரண்டு பக்கவாட்டிலும்தான் இருக்கும். அதனால் எதிரிக்குப் பக்கத்தைக் காட்டிக்கொண்டுதான் சுட முடியும். கப்பலின் பலவீனமான இடம் மூக்கும் பின்பக்கமும். ஆகவே கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எறும்பு வரிசைபோல் போகும். முன்னால் போகிறவன் உன் மூக்கைக் காப்பான், பின்னால் வருகிறவன் உன் முதுகைக் காப்பான். இரண்டு படைகளும் இணையாக இரண்டு வரிசை அமைத்து, ஒன்றை ஒன்று பார்த்துச் சுட்டுக்கொள்ளும். வரிசையில் நின்று தாங்கக்கூடிய அளவு பெரிய கப்பலைத்தான் 'வரிசைப் போர்க்கப்பல்' என்றார்கள்.

வரிசையை உடைக்காதே என்பது கேப்டன்களுக்கு வேதவாக்கு. இதன் விளைவு என்னவென்றால் இரண்டு பக்கமும் சமமாக அடிபட்டு, இருட்டியதும் பிரிந்து போவார்கள். சுஃப்ரெனுக்கு இது பிடிக்கவில்லை. அவர் யோசனை எளிமையானது. எதிரியிடம் பத்துக் கப்பல் என்றால் பத்தோடும் மோதாதே. பின்கோடியில் இருக்கிற ஐந்தை மட்டும் பிடி, அந்த ஐந்துக்கும் இரண்டு பக்கமும் ஆள் வை. முன்னால் போன ஐந்தும் காற்றை எதிர்த்துத் திரும்பி வருவதற்குள் வேலையை முடி. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நிற்கிறவனுக்குத்தான் எப்போது நெருங்குவது என்று முடிவுசெய்கிற வசதி இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அன்றைய தளபதிகள் நாள்கணக்கில் காற்றுக்காகச் சுற்றிச் சுற்றி வந்ததன் காரணம் விளங்கும்.

1781 டிசம்பர் 7 அன்று பிரான்ஸ் தீவிலிருந்து பெரிய படை கிளம்பியது. வழியில் 'ஹன்னிபல்' என்ற ஆங்கிலேயக் கப்பல் ஒன்றையும் பிடித்தார்கள். தளபதி தோர்வ் 1782 பிப்ரவரி 9 அன்று கப்பலிலேயே நோயால் இறந்தார். பொறுப்பு சுஃப்ரெனுக்கு வந்தது. இதற்குள் ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹ்யூஸ் டச்சுக்காரர்களின் திருகோணமலையை ஜனவரியில் பிடித்துவிட்டிருந்தார். நாகப்பட்டினம் அதற்கு இரண்டு மாதம் முன்பே போய்விட்டது. ஆக, சுஃப்ரென் வந்து சேர்ந்தபோது இந்தக் கடல் முழுவதிலும் அவர் கப்பல் ஒன்றைப் பத்திரமாகக் கட்டிவைக்க ஒரு மூலைகூட இல்லை.

பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினத்துக்கு அருகே முதல் போர். எதிரியின் பின்வரிசையை மடக்கும் திட்டத்தைப் போட்டார். ஆனால் அவருடைய கேப்டன்கள் சிலர் பழக்கத்தை விடாமல் தூரத்திலேயே வரிசைகட்டி நின்றார்கள். இருட்டியதும் பிரிந்தார்கள். மார்ச்சில் பரங்கிப்பேட்டையில் ஹைதருக்குத் துணையாகப் பிரெஞ்சுச் சிப்பாய்களை இறக்கினார். ஏப்ரல் தொடக்கத்தில் கடலூர் கைக்கு வந்தது. ஏப்ரல் 12 அன்று இலங்கையின் கிழக்கே புரோவிடியன் என்ற பாறைத்திட்டுக்கு அருகே இரண்டாவது போர். ஐந்தில் மிகக் கோரமானவற்றில் ஒன்று அது. இரண்டு பக்கமும் நூற்றுமுப்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், காயம்பட்டவர்கள் அதைப்போல் பல மடங்கு.

ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்துக்கு அருகே மூன்றாவது போர். சண்டை நடுவில் காற்று சட்டென்று திசை மாறி, இரண்டு வரிசைகளும் கலைந்து குழம்பின. அப்போது 'செவேர்' என்ற பிரெஞ்சுக் கப்பலின் கேப்டன் பயந்து கொடியை இறக்கிவிட்டார். கீழ்த்தளத்தில் பீரங்கியோடு நின்ற அதிகாரிகள் ஓடிவந்து, நாங்கள் சரணடையவில்லை என்று சண்டையைத் தொடர்ந்தார்கள், கொடி மறுபடி ஏறியது. அந்தக் கேப்டனைச் சுஃப்ரென் பதவியிலிருந்து நீக்கி ஊருக்கு அனுப்பினார்.

இந்த மூன்றாவது போருக்கு அடுத்த சில வாரங்கள்தான் என்னைப் பொறுத்தவரை சுஃப்ரெனின் உண்மையான சாதனை. கப்பல்கள் கந்தலாகிக் கடலூருக்கு வந்தன. கிடங்கு இல்லை, கப்பல் துறை இல்லை, உதிரிப் பாய்மரம் இல்லை. அவர் ஃபிரிகேட் என்ற சிறிய, வேகமான போர்க்கப்பல்களின் பாய்மரங்களைப் பிடுங்கிப் பெரிய கப்பல்களுக்கு நட்டார். பிடிபட்ட வணிகக் கப்பல்களைக் கழற்றினார். கடலூரில் கட்டடங்களைப் பிரித்துக்கூட மரம் எடுத்தார்கள். அறுபது வயதை நெருங்குகிற ஒரு கிழவனைப்போல் தோற்றம், தொப்பை, வியர்வையில் ஊறிய சட்டை, ஆனால் தச்சர்களோடு நாள் முழுக்க நிற்பார். அப்போது அவருக்கு உண்மையில் ஐம்பத்துமூன்று வயது.

ஜூலை 26 அன்று ஹைதர் அலியைக் கடலூர் அருகே அவருடைய பாசறையில் சந்தித்தார். சம்மணம் போட்டு உட்கார முடியாமல் சுஃப்ரென் திணறுவதைப் பார்த்த ஹைதர், மரியாதை முறையெல்லாம் இருக்கட்டும் என்று சொல்லித் திண்டுகள் கொண்டுவரச் செய்ததாக ஒரு தகவல் உண்டு. இருவரும் ஒருவரை ஒருவர் மதித்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. தோர்வ் திரும்பிப் போனதைப் பார்த்து மனம் வெறுத்திருந்த ஹைதருக்கு, போகாமல் நிற்கிற ஒரு பிரெஞ்சுக்காரர் கிடைத்திருந்தார்.

அதே நாட்களில் அவர் செய்த ஒரு காரியத்தை நான் மன்னிக்க மாட்டேன். கையில் நூற்றுக்கணக்கான ஆங்கிலேயக் கைதிகள் இருந்தார்கள். கைதிப் பரிமாற்றம் கேட்டார், மறுதரப்பு இழுத்தடித்தது. வைத்துக்கொள்ள இடமில்லை, சோறுபோட வழியில்லை. அவர்களை ஹைதரிடம் ஒப்படைத்துவிட்டார். மைசூர்ச் சிறைகளில் அவர்களில் பலர் பட்ட பாடு கொடுமையானது. இரண்டுமுறை கைதியாக இருந்த மனிதர் இதைச் செய்தார் என்பது உறுத்துகிறது. துறைமுகம் இல்லாத குறை இப்படியும் ஒரு வடிவம் எடுத்தது.

ஆகஸ்ட் 1 அன்று கடலூரிலிருந்து புறப்பட்டார். சென்னையில் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஹ்யூஸ் ஆகஸ்ட் 20 வரை கிளம்பவில்லை. மட்டக்களப்பில் பிரான்ஸ் தீவிலிருந்து வந்த துணைப்படையைச் சேர்த்துக்கொண்டு, ஆகஸ்ட் 25 அன்று சுஃப்ரென் திருகோணமலைக்குள் நுழைந்தார். படைகளை இறக்கி, பீரங்கி மேடு அமைத்து, மாத முடிவுக்குள் இரண்டு கோட்டைகளும் சரண். கோணேசர் மலைமேல் இருக்கிற கோட்டை ஒன்று, உள்துறையின் வாசலைக் காக்கிற ஒஸ்தன்பர்க் கோட்டை மற்றொன்று. காவல்படை வீரர்களைச் சென்னைக்கே போகவிடுகிறேன் என்று தாராளமான நிபந்தனை கொடுத்தார். மனிதாபிமானம் மட்டும் காரணமில்லை, அவருக்கு நேரம் இல்லை. செப்டம்பர் 2 அன்று ஹ்யூஸ் வந்து சேர்ந்து, மறுநாள் விடிந்து பார்த்தால் கோட்டைகளில் வெள்ளைக் கொடி பறக்கிறது. இரண்டு மூன்று நாள் வித்தியாசம்தான்.

திருகோணமலையை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வெளியே விரிகுடா, உள்ளே மலைகளும் காடும் சூழ்ந்த ஆழமான உள்துறை. வாடையோ கச்சானோ எது அடித்தாலும் உள்ளே கப்பல் அசையாமல் நிற்கும். வங்கக் கடலின் மேற்குக் கரை நெடுக இப்படி இன்னொன்று அன்று கிடையாது.

அன்றைக்கே, செப்டம்பர் 3, நான்காவது போர். ஹ்யூஸிடம் பன்னிரண்டு கப்பல், சுஃப்ரெனிடம் பதினான்கு. துறைக்குள்ளேயே இருந்திருந்தால் போதும், வென்ற இடம் கையில் இருந்தது. அவர் பொறுக்க மாட்டாமல் வெளியே வந்தார். வரிசை சரியாக அமையவில்லை, ஏரோவும் இன்னும் இரண்டு கப்பல்களும் நடுவில் தனித்து மாட்டின, பாய்மரம் விழுந்தது. முதலில் சொன்ன காட்சி இங்கேதான் வருகிறது. காற்று மாறியதால்தான் மற்றவர்கள் வந்து சேர்ந்து காப்பாற்றினார்கள். சில கேப்டன்கள் உடல்நிலையைக் காரணம் காட்டி ஊருக்குப் போக அனுமதி கேட்டார்கள். கொடுத்துவிட்டார்.

கவனிக்க வேண்டிய ஒன்று. ஐந்து போர்களிலும் சேர்த்து, இரண்டு தரப்பிலும் ஒரு கப்பல்கூட மூழ்கவோ பிடிபடவோ இல்லை. சுஃப்ரென் இழந்த இரண்டு பெரிய கப்பல்களும் சண்டைக்கு வெளியே போனவை. 'ஓரியான்' திருகோணமலைக்குள் திரும்பும்போது பாறையில் ஏறியது. 'பிசார்' அக்டோபரில் கடலூர் அருகே தரைதட்டியது. ஓரியானின் பாய்மரங்கள் வீணாகவில்லை, மற்றக் கப்பல்களுக்குப் போயின.

அக்டோபர் வந்தது. ஹ்யூஸ் சென்னையை விட்டுக் கிளம்பிய அதே வேளையில் புயல் அடித்து, அங்கே நங்கூரம் போட்டிருந்த பல கப்பல்கள் கரையில் மோதிச் சிதறின. ஹ்யூஸின் படை சிதறுண்டு மும்பையை நோக்கிப் போனது. சுஃப்ரென் பிரான்ஸ் தீவுக்குத் திரும்பியிருக்க வேண்டும், அதுதான் வழக்கம். ஆனால் அங்கே போனால் தோர்வ் கதைதான், அடுத்த ஆண்டு வெயில் காலத்துக்குள் திரும்புவது சந்தேகம். திருகோணமலையில் பெரும்படைக்குப் போதிய உணவு இல்லை. அதனால் யாரும் எதிர்பாராத பக்கம் போனார், சுமத்திராவின் வடமுனையில் இருக்கிற அச்சேவுக்கு. அங்கே தண்ணீரும் பழங்களும் கிடைத்தன, ஆட்கள் தேறினார்கள். மழைக்காலம் முடியும் முன்பே புறப்பட்டு, ஜனவரியில் ஒரிசாக் கரையோரம் கஞ்சம் அருகே வந்துவிட்டார். அங்கே 'கவென்ட்ரி' என்ற ஆங்கிலேய ஃபிரிகேட் இவர்களைத் தன் நாட்டுக் கப்பல்கள் என்று நினைத்து நெருங்கி மாட்டிக்கொண்டது. அதில் இருந்தவர்கள் மூலம்தான் அவருக்குச் செய்தி தெரிந்தது. டிசம்பர் 7 அன்று ஹைதர் அலி இறந்துவிட்டார்.

பிப்ரவரியில் திருகோணமலைக்குத் திரும்பினார். மார்ச்சில் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுப் படை வந்து, பரங்கிப்பேட்டையில் எந்த இடைஞ்சலும் இல்லாமல் இறங்கியது. ஹ்யூஸ் எங்கே? மும்பையிலிருந்து இந்தியாவைச் சுற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார், ஏப்ரலில்தான் சென்னையை எட்டினார். அருகில் துறைமுகம் இருந்தவன் இரண்டு மாதம் முன்னதாகவே களத்துக்கு வந்துவிட்டான்.

கடைசிப் போர் 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே. உள்ளே புஸ்ஸி, வெளியே முற்றுகையிட்ட ஆங்கிலேயப் படை, கடலில் ஹ்யூஸின் பதினெட்டுக் கப்பல்கள். சுஃப்ரெனிடம் பதினைந்து, அவற்றிலும் ஆள் பற்றாக்குறை. புஸ்ஸியிடமிருந்து ஏறக்குறைய 1,200 சிப்பாய்களை வாங்கி பீரங்கிகளுக்கு நிறுத்தினார். அவர்களில் பாதிக்குப் பாதி இந்தியச் சிப்பாய்கள். முந்தைய ஆண்டு கரீபியனில் பிரெஞ்சுத் தளபதி ஒருவர் தம் கப்பலோடு பிடிபட்டதால், இனித் தளபதிகள் ஃபிரிகேட்டில் இருந்துதான் போரை நடத்த வேண்டும் என்று மன்னரின் ஆணை வந்திருந்தது. ஐந்தில் இந்த ஒரு போரில் மட்டும் சுஃப்ரென் வரிசைக்குள் இல்லாமல் வெளியிலிருந்து நடத்தினார். அன்று வரிசை ஒழுங்காக நின்றது என்பது அவருக்கே கசப்பாக இருந்திருக்கலாம். மூன்று மணிநேரம் சுட்டுக்கொண்டார்கள், இருட்டியது. பார்வைக்குச் சமநிலைதான். ஆனால் ஹ்யூஸின் கப்பல்களில் தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஸ்கர்வியில் கிடந்தார்கள். சென்னைக்குத் திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை. அவர் போனதும் முற்றுகையிட்ட படைக்குக் கடல் வழி அடைபட்டது. தோர்வ் 1781இல் விட்டுவிட்டுப் போன அதே நிலைமை, அதே ஊர்.

ஜூன் 29 அன்று சமாதானக் கொடியோடு ஆங்கிலேயக் கப்பல் ஒன்று வந்தது. ஐரோப்பாவில் ஜனவரி 20 அன்றே முன்னோட்ட ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதாம். ஐந்து மாதம் கழித்துச் செய்தி வந்து சேர்கிறது. ஜூன் 20 அன்று இரண்டு பக்கமும் செத்த இருநூறு பேரும் முடிந்துபோன போரில் செத்தவர்கள்.

அக்டோபரில் திருகோணமலையிலிருந்து ஊருக்குப் புறப்பட்டார். வழியில் கேப்பில், நாடு திரும்பிக்கொண்டிருந்த ஹ்யூஸ் படையின் கேப்டன்கள் அவர் கப்பலுக்கே வந்து மரியாதை செய்தார்கள். அது தமக்கு எல்லாப் பாராட்டையும்விடப் பெரிது என்று கடிதத்தில் எழுதினார். 1784 மார்ச்சில் தூலோன் வந்து சேர்ந்தார். பிரான்ஸில் துணை அட்மிரல் பதவிகள் மூன்றுதான் இருந்தன, அவருக்காக மட்டும் நான்காவது ஒன்றை உருவாக்கினார்கள், அவர் இறந்ததும் அது கலைந்துவிடும் என்ற விதியோடு. 1788 டிசம்பர் 8 அன்று பாரிஸில் இறந்தார். பிரெஞ்சுப் புரட்சியின்போது அவர் கல்லறையைத் தோண்டிச் சிதைத்துவிட்டார்கள். இன்று பிரெஞ்சுக் கடற்படையின் புதிய வகை அணுசக்தி நீர்மூழ்கிகளில் முதலாவதற்கு அவர் பெயர்.

திருகோணமலையைச் சமாதான ஒப்பந்தத்தின்படி டச்சுக்காரர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். 1795இல் ஆங்கிலேயர்கள் அதை மறுபடி பிடித்தார்கள். இலங்கை சுதந்திரம் பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆன பிறகு, 1957இல்தான் பிரிட்டிஷ் கடற்படை அந்தத் துறையை விட்டுப் போனது.